மொய் நோட்டில் ஒரு பெரியப்பா

கேள்வி: அன்பையும் பணத்தால் அளக்கிற காலமாகிவிட்டதே! நல்ல குணத்துக்கு இனி மதிப்பே கிடையாதா? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: எந்தக் காலத்தில் அளக்காமல் இருந்தார்கள்? திருக்குறளையே எடுங்களேன். அறத்துக்கு 38 அதிகாரம், காமத்துக்கு 25, பொருளுக்கு 70. (அந்த எழுபதில் அரசன், அமைச்சன், படை, நட்பு எல்லாம் சேர்த்தி என்று யாரும் கடிதம் போட வேண்டாம், எனக்கும் தெரியும்.) அதில் காசைப் பற்றியே பேசுவது 'பொருள் செயல்வகை'. அருள் என்ற குழந்தையைப் பெற்றவள் அன்பு, வளர்க்கிற செவிலித்தாய் செல்வம் என்று அங்கே சொல்கிறார் வள்ளுவர். பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் சண்டை மூட்டுவது நீங்கள்தான்.

நம் மாவட்டத்து வடலூரையே பாருங்கள். வாடிய பயிரைக் கண்டு வாடியவர் வள்ளலார். வாடியதோடு நிற்காமல் 1867-ல் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அது இன்றுவரை அணையவில்லை. கருணை அவருடையது, நிலம் பார்வதிபுரத்துக்காரர்கள் கொடுத்தது, அரிசியை இன்றைக்கும் யாரோ மூட்டையாக இறக்கிவிட்டுப் போகிறார்கள். கருணையை வாங்கிக்கொண்டு துவரம்பருப்பு நிறுத்துத் தரும் மளிகைக்கடை எதையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம், அன்பை அளப்பது பற்றி. போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு காதல் கல்யாணம். வேறு சாதிப் பையன் என்பதால் மண்டபத்து வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் பெண்ணின் பெரியப்பா. சொன்னபடியே வரவும் இல்லை. பந்திக்கு இடம் கிடைக்காமல் மொய் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு பையன் மூலையில் மஞ்சள் தடவிய கவரை நீட்டினான். உள்ளே 5,001 ரூபாய். "பேரு என்னப்பா?" என்று கேட்டார் எழுதுபவர். பையன் குனிந்து, காதோடு பெரியப்பா பெயரைச் சொன்னான்.

பெண்ணின் அப்பா, பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் தான் வைத்ததை வீட்டு நோட்டில் தேடினார். 1,001. பழைய கணக்கைத் தீர்க்கத்தான் என்றால் அதுவே போதும். மிச்சம் நாலாயிரம் வட்டியா, வீம்பா, வருத்தமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நோட்டை மூடிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "தம்பி கையில சாப்பாடு கட்டிக் குடுங்க. பாயசம் கூடவே வைங்க, அண்ணனுக்குப் பிடிக்கும்."