ரேடியேட்டரை மாற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், மதுரை வட்டாரத்தில் பழைய கார்களை ஆசையோடு வைத்துப் பராமரிப்பவர்களிடமிருந்து இன்ஜின் சூட்டைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் பிரீமியர் பத்மினி உள்ளது. ஊருக்குள் ஓட்டும்போது தொல்லை தருவதில்லை. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறினால் பாதி வழியிலேயே தண்ணீர் கொதித்து வெளியே பீறிடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார், அப்படியும் தீரவில்லை. மூன்று வரிசைக் கோர் (தண்ணீர் ஓடும் குழாய்களும் தகடுகளும் அடங்கிய நடுப்பகுதி) வைத்து ரேடியேட்டரைக் கட்டி, மாருதி காரின் எலெக்ட்ரிக் ஃபேனையும் பொருத்திவிடலாமா? — வாசகர், திருமங்கலம்

பதில்: பொருத்தலாம். ஆனால் அந்தச் செலவில் இறங்குவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் இது குறைந்துகொண்டே போவதால், 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காருக்குள் அப்படி நடக்காமல் காப்பது மூடியிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பர் வாசரும் தாங்கிப் பிடிக்கும் அழுத்தம்தான். 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அழுத்தம் தாங்கும் மூடி ஒன்று நல்ல நிலையில் இருந்தால், தண்ணீரின் கொதிநிலை சமவெளியில் 111 டிகிரி வரையிலும் கொடைக்கானல் உயரத்தில் 106 டிகிரி வரையிலும் உயரும். ரப்பர் இறுகி வெடித்துப்போன மூடி எதையும் தாங்காது. சமவெளியில் வெளியே தெரியாமல் இருந்த அந்தக் குறை, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் இன்ஜின் திணறி ஏறும் மலைப்பாதையில் அம்பலமாகிவிடும்.

மூடிக்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரியது அழுத்தத்தைத் தாங்குவது. நடுவிலுள்ள சிறியது, இன்ஜின் ஆறும்போது காற்றையோ தண்ணீரையோ உள்ளே திரும்ப விடுவது. இரவு நிறுத்திய காரின் பானெட்டைக் காலையில் திறந்து பார்க்கையில் மேல் ஹோஸ் சப்பிப் போய் ஒட்டிக் கிடந்தால், சிறிய வால்வு அடைத்துக்கொண்டது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். புது மூடி வாங்கும்போது உங்கள் காருக்கு உரிய அழுத்தத்தையே கேட்டு வாங்குங்கள். வாய் அளவு பொருந்துகிறதே என்று 0.9 (பார் அளவில், அதாவது சுமார் 13 பி.எஸ்.ஐ.) என அச்சிட்ட இக்காலத்து மூடியைப் பழைய செம்பு ரேடியேட்டரில் திருகிவிட்டால், ஈயம் வைத்துப் பற்றவைத்த ஓரங்கள் பிரிந்து ஒழுகும். மூடி என்றால் பலருக்கும் இளக்காரம்தான். ஆனால் 1911-இல் இதே மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு. அதைத் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள். சூடு என்று வண்டி வந்து நின்றதும் அதைக் கழற்றி வீசுவது நம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். அது இல்லாத இன்ஜின் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்து, உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். திறந்துகொள்ளும்போதே பைபாஸ் வழியை அடைக்கும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜின்களில், அதைக் கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வரும். சூடு தணிவதற்குப் பதில் ஏறவும் கூடும். புதிதாக வாங்கியதைச் சோதிப்பது எளிது. நூலில் கட்டி, சமையலுக்கு இனி எடுக்கப்போகாத பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். 82 என்று முத்திரை இருந்தால் அந்த அளவையொட்டி வாய் பிளக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் கொதித்தால்தான் ரேடியேட்டருக்கு வர வேண்டும். நன்றாகச் சூடேறிய இன்ஜினை நிறுத்திவிட்டு, கோரின் முகத்தில் கைவைக்க முடிகிற அளவுக்கு ஆறியதும் உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். சீராகச் சுடாமல் நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால், அந்த இடத்துக் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருக்கின்றன. மேல் டேங்கைப் பிரித்து ராடு விட்டுக் குத்தி எடுக்கலாம். குழாய்கள் இற்றுப்போயிருந்தால் உங்கள் பழைய பித்தளை டேங்குகளையே வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போடலாம். மூன்று வரிசை நல்லதுதான், ஆனால் தகடுகளை நெருக்கி வைத்த கோர் வேண்டாம். நம் சாலைப் புழுதி அதில் வேகமாக அடைந்துகொள்ளும். காற்றை இழுக்க ஃபேனும் வலுவாக இருக்க வேண்டும். பட்டறையிலிருந்து எடுத்து வருவதற்கு முன், தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரங்களிலிருந்து ஒரு குமிழிகூட எழக்கூடாது.

எலெக்ட்ரிக் ஃபேன் கடைசி வேலை. அது சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். உங்கள் வண்டியில் இன்னும் டைனமோதான் இருக்கிறதென்றால், மெதுவாக ஊர்ந்து ஏறும்போது, அதாவது ஃபேன் மிகத் தேவைப்படும் அதே நேரத்தில், அது சார்ஜே கொடுக்காது. குறைந்த வேகத்திலும் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டருக்கு மாறிய பிறகே ஃபேனை நினையுங்கள். ரிலேவும் தனி ஃபியூஸும் இல்லாமல் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரடியாக ஒயர் இழுத்துக் கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கோரின் முகம் முழுவதையும் மூடும் கவசம் இல்லாத ஃபேன், தன் வட்ட அளவுக்கு மட்டுமே காற்றை இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற 1986-ஆம் ஆண்டு பெட்ரோல் அம்பாசடரை ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். வாட்டர் பம்பில் ஒழுகல் உள்ளது. மதுரையில் கேட்ட கடைகளில் ஒருவர் இல்லை என்கிறார், மற்றொருவர் பொருந்தாத பம்பைத் தருகிறார். உதிரிபாகத்தை எங்கே தேடுவது? — வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: கடையில் காரின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு இன்ஜினின் பெயரைச் சொல்லுங்கள் அம்மா. அம்பாசடர் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இன்ஜின்கள் வந்திருக்கின்றன. உங்களுடையது ஆங்கிலேயரின் பி.எம்.சி. நிறுவனத்திலிருந்து வந்த பி-சீரிஸ் வகை, 1489 சி.சி. 1990களில் வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜினின் பம்பு அதற்குப் பொருந்தாது. டீசலின் கதையும் வேறு. பொருந்தாத பம்பு உங்கள் கைக்கு வந்ததற்கு இந்தக் குழப்பமே காரணமாக இருக்கும்.

கொல்கத்தா அருகிலுள்ள உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதனால் கம்பெனிப் பெட்டியில் புது பம்பு கிடைப்பது குதிரைக்கொம்புதான். அப்படிக் கிடைத்தாலும், நெடுநாள் அலமாரியில் கிடந்த பம்பின் சீல் காய்ந்து சுருங்கியிருக்கும். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று சொன்னவுடன் கூடுதல் விலை கொடுத்துவிட வேண்டாம். உங்கள் பம்பையே புதுப்பிப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். பம்பின் கீழ்ப்புறம் ஒரு சிறு துளை இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் சீல் போய்விட்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேன் இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது லொடலொடவென்று ஆடினால் பேரிங்கும் போய்விட்டது. வார்ப்புக் கூடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பேரிங், ஷாஃப்ட், சீல் அடங்கிய கிட்டை வாங்கிக் கொடுத்தால் நல்ல லேத் பட்டறையில் பொருத்தித் தந்துவிடுவார்கள். ஆனால் பிரிப்பதற்கு முன் பெல்ட் சக்கரம் மாட்டும் புல்லி ஹப் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கூட்டுக்கும் தண்ணீரைத் தள்ளும் இறக்கையான இம்பெல்லருக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். இடைவெளி கூடிவிட்டால் தண்ணீர் தள்ளும் வேகம் குறையும். ஹப்பின் உயரம் மாறினால் பெல்ட் கோணலாக ஓடும்.

கூடே விரிசல் விட்டிருந்தால்தான் வெளியூர் தேட வேண்டும். சென்னையில் புது உதிரிபாகங்களுக்கு ஜி.பி. ரோடும், கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. அம்பாசடரின் தாயூரான கொல்கத்தாவில் மல்லிக் பஜார் உண்டு. இதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி. கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் பிரிட்டனில் மிகுதி என்பதால், அங்கு இன்றும் புது பம்புகள் வார்க்கிறார்கள். ஆனால் பி-சீரிஸ் என்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. போல்ட் துளைகளின் படத்தையும் ஹப்பின் உயரத்தையும் அனுப்பி ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். எங்கே வாங்கினாலும் பழைய பம்பைக் கையோடு கொண்டுபோங்கள், ரசீது கேளுங்கள். ஹோஸ் வாங்கும்போதும் அப்படியே. உரிய வளைவோடு வார்த்த ஹோஸ் கிடைக்கவில்லை என்று நேர்க்குழாயை வெட்டி மடக்கிப் பொருத்தினால் மடிப்பில் நெரிந்துவிடும். கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இருந்திருந்தால் அதை எடுத்துப் புதியதற்குள் செலுத்துங்கள். பம்பு இழுக்கும் இழுப்பில் ஹோஸ் சப்பிவிடாமல் காப்பது அதுதான்.

கேள்வி: எங்கள் ஜீப்புக்குத் தோட்டத்து போர் தண்ணீரையே ஊற்றிவருகிறோம். கூலண்ட் குளிர்நாட்டுக்குத்தானே? — வாசகர், மேலூர்

பதில்: உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவையும் அரிப்பையும் தடுப்பதும், கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் நம் ஊருக்கும் வேண்டியவைதான். போர் தண்ணீரின் உப்பு, பாத்திரத்தில் படிவதைப் போலவே இன்ஜினுக்குள்ளும் படியும். அங்கே சுரண்டிக் கழுவ வழியில்லை. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூலண்ட் கலந்தால் போதும். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகக் குளிரும் என்பது தவறு. சூட்டைச் சுமப்பதில் கூலண்டிலுள்ள கிளைகாலைவிடத் தண்ணீரே வல்லது. ஈயப் பற்று உள்ள பழைய செம்பு ரேடியேட்டருக்குப் பழைய வகைப் பச்சைக் கூலண்ட் ஏற்றது. நிறம் மாற்றிக் கலக்காதீர்கள். ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடும் கைவைத்தியம் நடுவழியில் வீடு வந்து சேர உதவும்; வந்த பிறகு கழுவிவிடவில்லையென்றால் நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். சலவை சோடா போட்டுக் கழுவுவதாக இருந்தால் அலுமினியப் பாகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சோடா அதை அரித்துவிடும். மிச்சக் கூலண்டை வாசலில் கொட்டாதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

கேள்வி: மாருதி 800-ஐ ஆசைப்பட்டு மேம்படுத்திவருகிறேன். ஏ.சி. போட்டுக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் சூடேறுகிறது. ரிங் ரோட்டில் ஓடினால் இறங்கிவிடுகிறது. இணையத்தில் விற்கும் பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்கலாமா? — வாசகர், கோச்சடை

பதில்: விடையை உங்கள் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள் தம்பி. ஓடும்போது சூடு இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது. நிற்கும்போது காற்றுதான் போதவில்லை. சூடேறியதும் ஃபேன் சுழல்கிறதா, தெர்மோ சுவிட்ச் உரிய நேரத்தில் அதை இயக்குகிறதா, ஃபேனின் கனெக்டர் கருகியிருக்கிறதா, ஒயரை மாற்றி இணைத்ததால் ஃபேன் தலைகீழாகச் சுழன்று காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சருகும் பூச்சியும் புழுதியும் அப்பிக்கிடப்பதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றி, பின்பக்கத்திலிருந்து மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். பம்பின் முழு வேகத்தில் அடித்தால் தகடுகள் மடிந்து கெட்டுப்போகும்.

இத்தனைக்கும் பிறகு வாங்கியே தீருவேன் என்றால், அலுமினியம் என்பதாலேயே அது மேல் என்று எண்ண வேண்டாம். சூட்டைக் கடத்துவதில் செம்புதான் முந்தி நிற்கும். அலுமினியத்தின் பலம் எடைக் குறைவும் அகலமான குழாய்களும்தான். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பவை, அநேகமாக எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. ஹோஸ் வாயின் விட்டம், ஃபேன் மாட்டும் துளைகள், சுவிட்ச் திருகும் இடம் மூன்றையும் அளந்து பாருங்கள். இன்ஜினின் எர்த் ஒயரும் சரியாக இருக்க வேண்டும். எர்த் கெட்டிருந்தால் மின்சாரம் கூலண்ட் வழியாகப் பாய்ந்து அலுமினியத்தில் ஊசித்துளை போட்டுவிடும்.

கேள்வி: 50 ஆண்டு கடந்த காருக்கு வின்டேஜ் பதிவு வாங்க எண்ணுகிறேன். ரேடியேட்டரை மாற்றியது தடையாகுமா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: 2021-இல் வந்த விதி, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்றுதான் பேசுகிறது, ரேடியேட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் புது ரேடியேட்டருக்காகக் கிரில் சட்டத்தை வெட்டாதீர்கள், பழைய போல்ட் துளைகளிலேயே மாட்டுங்கள். கழற்றிய ரேடியேட்டரைத் தண்ணீர் வடித்துக் காயவைத்து, குழாய் வாய்களைத் துணியால் அடைத்துப் பரணில் வையுங்கள், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.