ஏஜென்ட் கார்டு கிடைக்கிறது, செய்தி மட்டும் போகவில்லை

ஏஜென்ட் (தானே வேலை செய்யும் ஏஐ நிரல்) தன்னைப் பற்றியும் தன்னை அணுகும் முகவரியையும் சொல்லும் சிறு கோப்புதான் கார்டு; அதற்குள் இருக்கும் யூஆர்எல்லை மாற்றுங்கள், சரியாகிவிடும். திருகோணமலை வீட்டுக் கணினியில் ஓடும் உங்கள் மீன்விலை ஏஜென்ட்டின் கார்டைக் கொழும்பு சர்வர் எடுத்துவிடுகிறது, செய்தி அனுப்பும்போதுதான் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ரவுட்டரில் கை வைக்காதீர்கள், வழி திறந்துதான் இருக்கிறது.

ஏஜென்ட்டுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஏ2ஏ (A2A) நெறிமுறையில், கார்டை எந்த முகவரியிலிருந்து எடுத்தது என்பதை எதிர்ப்பக்க ஏஜென்ட் (இங்கே கொழும்பு சர்வர்) பார்ப்பதில்லை. உள்ளே எழுதியிருக்கும் யூஆர்எல்லுக்கே செய்தியை அனுப்பும். மாதிரி நிரலை அப்படியே எடுத்திருந்தால் அங்கே பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட் என்றிருக்கும். கொழும்பு சர்வருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதுவேதான், தன் கதவையே தட்டிக்கொண்டு நிற்கும்.

கொழும்பு சர்வரில் இருந்தபடியே கர்ல் (curl) கட்டளையால் கார்டை எடுத்துப் படியுங்கள். லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1, 0.0.0.0 எது இருந்தாலும் அதுதான் கோளாறு. வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியைப் போர்ட் எண்ணோடு போட்டு, ஏஜென்ட்டை நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள். கார்டில் ஒன்றுக்கு மேல் இடைமுகம் (செய்தி பெறும் வழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு யூஆர்எல்) எழுதியிருந்தால் ஒவ்வொன்றையும் பாருங்கள், இரண்டாவதை மறந்துவிடுவது வழக்கம்.

ஒன்று கவனம்: வீட்டு இணைப்பின் ஐபி கரண்ட் போய் வந்தாலே மாறிவிடக்கூடும். வெறும் ஐபியை எழுதாமல், ஐபி மாறினாலும் உங்கள் வீட்டு இணைப்பையே காட்டும் டைனமிக் டிஎன்எஸ் பெயரைப் போடுங்கள். அப்புறம், டோக்கன் (அனுமதிச் சாவி) தேவை என்று கார்டில் அறிவித்தால் மட்டும் பூட்டு விழாது. வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் டோக்கனைச் சரிபார்ப்பது உங்கள் நிரலின் வேலை. அதைச் செய்யாமல் இணையத்தில் திறந்துவிடாதீர்கள்.