அம்பைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உரிமம் பெற்று, இரண்டாவது ஆண்டாக வில் வேட்டைக்குச் செல்கிறேன். அக்டோபர் மாலை ஒன்றில், மரப் பரணிலிருந்து சுமார் 18 மீட்டர் தொலைவில் நின்ற வெள்ளைவால் மானை எய்தேன். அம்பு ஊடுருவி மறுபக்கம் மண்ணில் குத்தி நின்றது. மான் முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து புதருக்குள் போனது. அரை மணி நேரம் கழித்து டார்ச் விளக்குடன் தேடினேன். படுத்திருந்த மான் எழுந்து ஓடிவிட்டது. பிறகு கிடைக்கவே இல்லை. எங்கே தவறினேன்?

பதில்: முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்தது என்கிறீர்களே, அது பெரும்பாலும் வயிற்றில் அடிபட்ட மானின் நடை. அதற்கு அரை மணி நேரம் போதவே போதாது. நீங்கள் தொந்தரவு செய்யாதிருந்தால் அந்த மான் அநேகமாகப் படுத்த இடத்திலேயே இறந்திருக்கும்.

அம்பு மானை வீழ்த்துவது இரத்த இழப்பால். அம்பு முனையிலுள்ள கூரிய அலகு எந்த உறுப்பை அறுத்தது என்பதே நீங்கள் காத்திருக்க வேண்டிய நேரத்தைத் தீர்மானிக்கிறது. அதைச் சொல்லும் முதல் சாட்சி, மண்ணில் குத்தி நின்ற அம்பு. அதைத் துடைக்காதீர்கள், வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

இளஞ்சிவப்பு இரத்தத்தில் சிறு குமிழிகள் இருந்தால் நுரையீரல். பெயரிலேயே நுரை இருக்கிறது, மறக்காது. அந்த மான் பெரும்பாலும் 150 மீட்டருக்குள் விழுந்துவிடும். அரை மணி நேரம் போதும். அடர் சிவப்பு, கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் பொறுங்கள். பச்சையும் பழுப்புமாகப் பிசுபிசுப்பு, அரைகுறையாகச் செரித்த தழை, சாண நாற்றம் இருந்தால் இரைப்பை அல்லது குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். மாலையில் எய்திருந்தால், மறுநாள் காலையில்தான் தேட வேண்டும்.

ஏமாற்றுவது தசைக் காயம். குமிழி இல்லாத பளிச்சென்ற சிவப்பு இரத்தம் முதலில் தாராளமாகச் சிந்தும். போகப்போகத் துளிகளாகி நின்றுவிடும். அம்பில் வெறும் கொழுப்பு மட்டும் ஒட்டியிருந்தாலும் நல்ல அறிகுறி இல்லை. எய்த இடத்தில் உதிர்ந்த மயிரையும் பொறுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை மயிர் என்றால் அம்பு அடிவயிற்றுப் பக்கம் பட்டிருக்கலாம்.

இரண்டு அறிகுறிகளும் கலந்திருந்தால்? கருஞ்சிவப்பு இரத்தமும் இலேசான நாற்றமும் சேர்ந்தே இருப்பதுண்டு. அப்போது நீண்ட நேரத்தையே தேர்ந்தெடுங்கள். மழை வரும், கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்குகள் வரும், வெப்பத்தில் இறைச்சி கெடும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனாலும் வயிற்றில் அடிபட்ட மானை எழுப்பிவிட்டால், அது வெகுதூரம் போய்விடும். வழியில் இரத்தமும் அநேகமாகச் சிந்தாது. இதில் என் கருத்து உறுதியானது: இறைச்சியை இழக்கலாம், ஓர் உயிரைத் துரத்தித் துரத்தி வதைக்கக் கூடாது.

பரணிலிருந்து இறங்கும் முன்பே மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கீழிருந்து பார்த்தால் காடே வேறாகத் தெரியும். தேடும்போது தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடங்கள். ஒவ்வொரு இரத்தத் துளியின் அருகிலும் டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை வையுங்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை கோடாகத் தெரியும். உலர்ந்த இலையில் இருப்பது இரத்தமா, இலையின் நிறமா என்ற ஐயம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளியுங்கள், இரத்தமானால் நுரைக்கும். தடம் அறுந்தால் கடைசித் துளிக்கே திரும்பி வந்து, புரண்ட இலைகளையும் குளம்புச் சுவட்டையும் தேடுங்கள். பல மாநிலங்களில் வாரில் கட்டிய மோப்ப நாயைப் பயன்படுத்த அனுமதி உண்டு. நீங்களே சுற்றித் திரிந்து தடத்தை மிதிப்பதற்கு முன் நாயை அழைப்பது நல்லது. பக்கத்து நிலத்துக்குள் தடம் போனால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டே நுழையுங்கள்.

மானைக் கண்டதும் ஓடிப் போகாதீர்கள். பின்பக்கமாக நெருங்கிக் கண்ணைப் பாருங்கள். இறந்த மானின் கண் பொதுவாகத் திறந்தே இருக்கும். நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டும் இமை அசையாவிட்டால்தான் கிட்டே போகலாம்.