ரெட்டை ஜடைக்கு மேல் ஹெல்மெட்: சைக்கிளுக்கு அது தேவையா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில், மாலையில் சத்துவாச்சாரியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி காந்தி நகருக்கு டியூஷன் போய் வருகிறாள். ஹெல்மெட் வாங்கலாம் என்றால், "சைக்கிளுக்கு எவன் ஹெல்மெட் போடுறான்? நெதர்லாந்துலயே போடறதில்ல" என்கிறார் கணவர். தலை வெந்துவிடும் என்கிறாள் மகள். வீட்டில் சும்மா கிடக்கும் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளட்டுமே என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வாங்குங்கள் அம்மா. ஆனால் உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

சட்டப்படி அவசியம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு பைக், ஸ்கூட்டருக்குத்தான். மிதிவண்டி அதில் வராது. நெதர்லாந்திலும் அன்றாடம் சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுந்தலையோடுதான் போகிறார்கள். ஆனால் அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. நமக்கு இருப்பது சர்வீஸ் ரோடு, அதிலும் எதிர்த்திசையில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் பைக்குகள். அந்த ஊர்ச் சாலையையும் சேர்த்துக் கொண்டுவந்தால் கணவரின் வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கட்டாயச் சட்டம் வேண்டும் என்பவன் அல்ல நான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-இல் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. தலைக்காயம் குறைந்தது, கூடவே டீன்ஏஜ் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் குறைந்தது. எது எதனால் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஹெல்மெட் இல்லை என்பதற்காக ஒரு பெண் சைக்கிளையே விட்டுவிட்டால் அது எனக்குப் பெரிய நஷ்டமாகத்தான் தெரியும்.

இன்னொரு சுவாரசியமான கதையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாக்கர், சைக்கிளில் கருவி பொருத்தி, வண்டிகள் எவ்வளவு நெருங்கிக் கடக்கின்றன என்று அளந்தார். ஹெல்மெட் போட்டபோது சராசரியாக 8.5 செ.மீ. கூடுதலாக நெருங்கின என்று 2007-இல் எழுதினார். நீளமான பெண் விக் ஒன்றை மாட்டிக்கொண்டு போனபோது தாராளமாக இடம் விட்டார்களாம்! பிறகு அதே கணக்கை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மறுபடி அலசி, ஆபத்தான நெருக்கத்தில் அப்படி வித்தியாசம் இல்லை என்றார்கள். இதை நம்பி ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

விழுந்தவர்களை வைத்து நடந்த ஆய்வுகள்தான் எனக்கு முக்கியம். 64,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 40 ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைவாக இருந்தது.

அது என்ன செய்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது டி.வி. பெட்டியில் வருகிற மாதிரித் தெர்மாகோல்தான், கொஞ்சம் இறுக்கமானது. அடிபடும்போது தான் நசுங்கி, தலைக்குப் போகும் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஐரோப்பியத் தரமான இ.என். 1078 சோதனையில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து அதைப் போடுகிறார்கள். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் ஆளின் தலை கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கும். அதாவது சறுக்கி விழுவதற்கென்று செய்தது. பஸ் மோதினால் அதனிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

நான் ஒருமுறை பாலத்து ஓரம் சேர்ந்திருந்த மணலில் சறுக்கினேன். வேகமே இல்லை. எழுந்து தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்பஞ்சை உரித்ததும் காதுக்கு மேலே ஒரு விரிசல், தலைமுடி கனத்துக்கு, விரல் நீளத்துக்கு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி உப்பாது. யாரோ போட்டுப் பழசானதை வாங்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

பைக் ஹெல்மெட் வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் கனம், காற்றோட்டம் இல்லை, பின்னால் வரும் வண்டிச் சத்தமும் மந்தமாகக் கேட்கும். வெயிலூரில் மிதித்துக்கொண்டு போகிற பிள்ளை அதை இரண்டாம் நாளே ஹேண்டில்பாரில் தொங்கவிடும். சைக்கிள் ஹெல்மெட் 300 கிராம் அளவில்தான், மேலே காற்றுப் போகத் துளைகள் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு முன்னும் பின்னும் நல்லதே கிடைக்கும், உள்ளே இ.என். 1078 அல்லது அமெரிக்கத் தரமான சி.பி.எஸ்.சி. முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் ஐ.எஸ். 4151 பைக்குக்கானது.

கடைக்கு மகளையும் கூட்டிப் போங்கள், பள்ளிக்குப் போகும் தலையோடு. மடித்துக் கட்டிய ரெட்டை ஜடையில் ரிப்பன் காதோரமே இருக்கும். வார் போகிற இடமும் அதுதான். ஜடையைச் சற்றுத் தாழ்த்திப் பின்னி, வார் முடிமேல் ஏறாமல் தோலை ஒட்டிப் போகும்படி பாருங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடத்தில் நிற்க வேண்டும். பின்பக்கத் திருகை இறுக்கி, கொக்கியை மாட்டி, பெரிதாகக் கொட்டாவி விடச் சொல்லுங்கள். ஹெல்மெட் லேசாகக் கீழே இழுபட்டால் வார் சரி. இழுபடவில்லை என்றால் தொளதொளவென்று இருக்கிறது. பூ வைக்கிற நாளில் சரத்தை ஹெல்மெட்டுக்கு அடியில் வைக்காமல் கீழே தொங்கவிடட்டும்.

அப்புறம், டியூஷன் விட்டு வரும்போது இருட்டிவிடும் என்று நினைக்கிறேன். பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்றைச் சீட்டுக்கு அடியில் மாட்டிவிடுங்கள். பஸ்காரர் கண்ணில் பட அதுதான் உதவும். காசு ஒன்றுக்குத்தான் இந்த மாதம் முடியும் என்றால் விளக்கை முதலில் வாங்குங்கள், அடுத்த மாதம் ஹெல்மெட்.

டியூஷனில் ஹெல்மெட்டைச் சைக்கிளோடு விட்டுப் போகாமல், கொக்கியைப் பையின் வாரில் மாட்டி உள்ளே எடுத்துப் போகச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்தால் தெர்மாகோல் கெடும். காய்வதற்கு முன்பே களவு போனாலும் போகும்.