ஜி.ஏ.ஆர். நட்சத்திரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இல்லினாய்ஸில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சில பழைய கல்லறைகளின் பக்கத்தில் ஐந்துமுனை நட்சத்திரம் வைத்த கம்பிகள் நட்டிருக்கின்றன. ஜி.ஏ.ஆர். என்ற எழுத்துகள். மே மாதம் அதில் கொடி செருகுகிறார்கள். இது ஃப்ரீமேசன் மாதிரி ரகசியச் சங்கமா? இப்போது ஏன் இல்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் போரிட்டவர்களின் சங்கம். பிறந்ததே உங்கள் மாநிலத்தில்தான்: ராணுவ மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஸ்டீபன்சன் 1866 ஏப்ரல் 6 அன்று டெகேட்டரில் முதல் கிளையைத் தொடங்கினார்.

ஃப்ரீமேசன் சாயல் நிறையவே உண்டு. ரகசியச் சொல், வாசலில் காவல், புதியவரைச் சேர்க்க வெள்ளை, கறுப்பு உருண்டைகளால் வாக்கெடுப்பு. ஆரம்பத்தில் சவப்பெட்டி முன் மண்டியிடவைத்து உறுதிமொழி வாங்கினார்கள். 1869-இல் ரெக்ரூட் (புதியவர்), சோல்ஜர் (வீரர்), வெட்டரன் (மூத்த வீரர்) என்று மூன்று படிகள் வைத்தார்கள். ஒரே கூடாரத்தில் கிடந்தவர்களுக்குள் மேல், கீழ் பார்த்தால் யார் வருவார்கள்? ஆட்கள் கழன்றுகொண்டார்கள். 1871-இல் படிகளை எடுத்துவிட்டும் சரிவு நிற்கவில்லை. குடியரசுக் கட்சியின் வால் என்ற பேர் வேறு. 1876-இல் 27 ஆயிரம் பேர்கூட இல்லை.

தூக்கி நிறுத்தியது சடங்கல்ல, ஓய்வூதியக் கோரிக்கை. 1890 சட்டப்படி 90 நாள் சேவையும் நற்சான்றோடு விடுவிப்பும் இருந்து, உடலுழைப்புக்கு முடியாதவர் என்றால் மாதம் 6 முதல் 12 டாலர். ஊனம் போரில் வந்ததாக இருக்கவேண்டியதில்லை. கையெழுத்திட்ட ஜனாதிபதி ஹாரிசனே சங்க உறுப்பினர்! அந்த ஆண்டு உறுப்பினர்கள் 4 லட்சத்தைத் தாண்டினார்கள்.

மே மாதக் கொடி, சங்கத் தலைவர் ஜான் லோகன் 1868-இல் போட்ட 11-ஆம் எண் உத்தரவின் மிச்சம்: மே 30 அன்று வீரர்களின் கல்லறைகளில் பூ வைக்கவேண்டும். அதற்கு முன்பே பல ஊர்களில் வழக்கம் இருந்தது. வடக்கு மாநிலங்கள் முழுக்க ஒரே தேதியாக்கியது இவர்கள்.

மறைந்ததற்குக் காரணம் அவர்கள் விதியேதான். அந்தப் போரில் சேவை செய்தவருக்கு மட்டுமே இடம், மகன்களுக்குக்கூடக் கிடையாது. 1949-இல் இண்டியானாபொலிஸில் கடைசி மாநாடு, வந்தவர்கள் ஆறு பேர். கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் வூல்சன் 1956-இல் இறந்தார்.

நட்சத்திரத்தை மட்டும் நம்பி முடிவுகட்டாதீர்கள். புல் வெட்டும்போது பிடுங்கி இடம் மாற்றி நட்டுவிடுவார்கள். புது நகல்களும் விற்கின்றன. கல்லில் அவருடைய படைப்பிரிவைக் காட்டும் கம்பெனி எழுத்தும் ரெஜிமென்ட் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கிளையின் பதிவேடு கிடைத்தால் வயது, பிறந்த ஊர், தொழில், படையில் சேர்ந்த தேதி எல்லாம் இருக்கும். அதை வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்போடு ஒத்துப்பாருங்கள்.