வாழைத் தோட்டத்தில் ரோபோ வழி தவறாமல் திரும்ப, எறும்பு மூளை உதவுமா?

கேள்வி: களக்காட்டில் எங்கள் ஏத்தன் வாழைத் தோட்டத்தில் உர மூட்டை இழுக்க ஒரு சிறிய சக்கர ரோபோ செய்கிறோம். இலைகளுக்கு அடியில் போனால் ஜிபிஎஸ் தடுமாறுகிறது. கையில் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி மட்டும்தான். பூச்சிகளின் நரம்பு மாதிரியை வைத்து, எங்கே போனாலும் பம்புசெட் அறைக்குத் திரும்பி வரச் செய்யலாமா? (பொறியியல் மாணவர், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: செய்யலாம், ராஸ்பெர்ரி பையே போதும். ஆனால் நிரல் எழுத உட்காரும் முன் திசை காட்டும் சென்சாரைக் கவனியுங்கள். திசையில் 5 டிகிரி பிழை இருந்தாலே, 100 மீட்டர் போவதற்குள் வண்டி கிட்டத்தட்ட 9 மீட்டர் விலகிவிடும். வரிசைக்கு வரிசை 2 மீட்டர் என்றால், நாலு வரிசை தள்ளிப் போய் நிற்கும். காந்தத் திசைமானியை மோட்டாருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு கம்பு நட்டு உயரத்தில் வையுங்கள். வரிசைக்குள் கைரோவை (வண்டி எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் சென்சார்) நம்பி ஓட்டி, வரப்புக்கு வந்ததும் திசையைத் திருத்திக்கொள்வது நல்லது.

பாலைவன எறும்பு இரை தேடி வளைந்து வளைந்து போகும். கிடைத்ததும் புற்றைப் பார்த்து நேராக ஓடும். வானத்து ஒளியின் தளவிளைவிலிருந்து (ஒளி அலை ஒரே தளத்தில் அதிர்வது, பிளஸ் டூ இயற்பியலில் படித்ததுதான்) திசையை அறியும், தூரத்துக்குக் காலடிகளைக் கணக்கிடும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இரை எடுத்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டி விட்டார்கள். 10 மீட்டரில் புற்றைத் தேட வேண்டியவை 15 மீட்டர் வரை போய்த் தேடின. உங்கள் வண்டிக்கும் இதே கதிதான். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் சேற்றில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், சக்கரச் சுற்றை அளக்கும் என்கோடர் அதையும் தூரமாக எண்ணும். அதனால் தரையைப் பார்த்தபடி ஒரு ஆப்டிகல் ஃப்ளோ சென்சார் (தரைக் காட்சி நகர்வதை அளப்பது) வையுங்கள். தேனீ தூரம் அறிவதும் இப்படி, கண்முன் காட்சி நகர்வதை வைத்துத்தான்.

சரி, இப்போது மாதிரி. பூச்சி மூளையின் நடுவில் உள்ள மையத் தொகுதியை வைத்து 2017இல் ஒரு மாதிரி வந்தது. நம் எண்திசை போல எட்டுத் திசை. திசைக்கு ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கத்துக் குடம் வேகத்துக்குத் தக்கபடி நிறையும். திரும்பும்போது குடங்களின் அளவையும் இப்போதைய திசையையும் ஒப்பிட்டு, இடமா வலமா என்று முடிவு செய்யும். வரைபடமே வேண்டாம். நிரலும் சிறியதுதான், ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம்.

அப்படியும் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதைத் திருத்தக் காட்சி நினைவு வேண்டும். அது பூச்சி மூளையில் காளான் உடல் என்ற பகுதியின் வேலை. எடின்பரோ பல்கலைக்கழகத்து பார்பரா வெப் குழுவினரின் 2016 மாதிரியில் படம் வெறும் 360 புள்ளிகள்தான். அவை 20,000 நரம்பு செல்களில் தாறுமாறாக இணைந்து, கடைசியில் ஒரே செல் ‘பார்த்த இடமா, புது இடமா’ என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் திரும்பினால் அதிகம் பழகியதாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கம் போக வேண்டும்.

வாழைத் தோட்டத்தில் சிக்கல் இங்கேதான். உள்ளே நின்று பார்த்தால் எல்லா வரிசையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வண்டி எதையும் ‘பழகியது’ என்றே சொல்லும். காற்றில் இலை கிழிந்தாலோ, கட்டை வெட்டினாலோ நேற்றைய படம் இன்றைக்கு உதவாது. ஆகவே வரிசைக்குள் குடக் கணக்கை நம்புங்கள். வரிசை முடிந்து வரப்புக்கு வரும் இடத்தில் மட்டும் படத்தைக் கேளுங்கள். அங்கே மேற்கே மலை தெரியும், பனைமரமும் கரண்டுக் கம்பமும் நிற்கும். படத்தில் நீல நிறத்தை மட்டும் எடுத்தால் வானம் வெளுப்பாகவும் மற்றவை கருப்பாகவும் பிரியும். எனக்குத் தெரிந்து நிழல் மாறினாலும் அதிகம் ஏமாற்றாத படம் அதுதான்.

அப்புறம் ஒன்று. எறும்பு முதன்முதலாக இரை தேடப் போகும் முன், புற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன வளையம் போட்டு, நின்று நின்று புற்றைத் திரும்பிப் பார்க்கும். பம்புசெட் அறையைச் சுற்றி உங்கள் வண்டியையும் அப்படி ஓட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் அறையை நோக்கி நிறுத்திப் படம் எடுக்க வையுங்கள். குடக் கணக்கு ஓரிரு மீட்டர் பிசகினாலும் கடைசி நேரத்தில் இந்தப் படங்கள் கைகொடுக்கும். இலை விட்டு மரம் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை இந்தச் சுற்றைத் திரும்ப ஓட்டுங்கள். முதல் சோதனைக்கு மூட்டை வேண்டாம், வெறும் வண்டியாகவே விடுங்கள்.