'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அமுக்கியதால் வந்த வினை: ஆட்வேர் கேள்வி பதில்

மதுரையில் 17 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். "வைரஸ் வந்துடுச்சு" என்று என் மேசைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் வைரஸ் இருப்பதில்லை. கேட்காமலே விளம்பரம் காட்டும் ஆட்வேர் இருக்கும். இல்லையென்றால் தேடல் பக்கத்தையும் ஹோம்பேஜையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவைக்கும் பிரவுசர் ஹைஜாக்கர் இருக்கும். இரண்டும் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. எங்கோ ஒரு பட்டனை அமுக்கி நாமே அனுமதி கொடுத்திருப்போம். அந்த அனுமதி எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடி ரத்து செய்வதுதான் வேலையே. வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் கீழே.

திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்: சார், கடை கம்ப்யூட்டரில் குரோமில் எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு பக்கம் மின்னல் மாதிரி வந்து போய், யாஹூவில் நிற்கிறது. மூன்று தடவை கூகுளுக்கு மாற்றிவிட்டேன். மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிடுகிறது. ஆண்டிவைரஸ் 'எல்லாம் சுத்தம்' என்கிறது.

இது புரோக்கர் வேலை. நீங்கள் தேடும் சொல் முதலில் அந்தப் பெயர் தெரியாத பக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து யாஹூவுக்கோ பிங்குக்கோ கைமாறுகிறது. அங்கே நீங்கள் ஒரு விளம்பரத்தைத் தொட்டால் இடையில் நின்றவனுக்குக் கமிஷன். ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து ஹால் டிக்கெட் எடுக்கும் கடை என்றால் அவனுக்கு நல்ல வரும்படி!

மறுநாள் திரும்பி வருவதற்குக் காரணம், நீங்கள் திருத்தியது தேடல் செட்டிங்ஸை மட்டும். அதை மாற்றிவிடும் ஆள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். தேடும்போது வரிசை முக்கியம். முதலில், குரோம் அமைப்புகளைக் கூகுள் கணக்கில் சேர்த்துவைக்கும் சிங்க்கை நிறுத்துங்கள். இல்லையென்றால் இங்கே நீக்கியது கூகுள் கணக்கு வழியாக மறுபடி இறங்கிவிடும். அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன ஆப்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை ஆரம்பித்த நாளில் அல்லது அதற்கு முந்தைய நாளில் நுழைந்தது எது என்று பாருங்கள். கூப்பன், கன்வெர்ட்டர், டிரைவர் அப்டேட்டர், ஏதோ ஒரு 'பிரவுசர்' என்கிற மாதிரிப் பெயரில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கும். நீக்குங்கள். நீக்கும்போது 'நிஜமாகவே போக வேண்டுமா, இலவச சலுகை இருக்கிறதே' என்று கெஞ்சும். அங்கே பெரிதாக, வண்ணமாகத் தெரியும் பட்டன் பெரும்பாலும் 'வைத்துக்கொள்' என்பதாகத்தான் இருக்கும். நிதானமாகப் படித்து அமுக்குங்கள்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்கள். உங்களுக்குப் பயன் தெரியாத ஒவ்வொன்றையும் எடுத்துவிடுங்கள். தேவையென்றால் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பலர் கோட்டை விடுவது ஷார்ட்கட்டில். டெஸ்க்டாப்பில் குரோம் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் 'டார்கெட்' என்று ஒரு பெட்டி இருக்கும். அந்த வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறை குரோமைத் திறக்கும்போதும் அந்தப் பக்கம்தான் வரும். செட்டிங்ஸில் எத்தனை முறை மாற்றினாலும் வீண். அந்த முகவரியை மட்டும் அழியுங்கள். டாஸ்க்பாரில் பின் செய்த ஐகான் தனி ஷார்ட்கட், அதையும் பாருங்கள். கடைசியாக, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலர். தினமும் காலையில் திரும்பி வருகிறது என்கிறீர்களே, எனக்குச் சந்தேகமே அதன் மேல்தான். பிரவுசரை ஒரு முகவரியோடு திறக்கச் சொல்லும் வேலையோ, ஆப்டேட்டா ஃபோல்டரிலிருந்து ஓடும் அர்த்தமில்லாத பெயரோ இருக்கிறதா பாருங்கள். அங்கே நியாயமான அப்டேட்டர்களும் இருக்கும். அதனால் சந்தேகமானதை உடனே அழிக்காமல் டிஸேபிள் செய்து இரண்டு நாள் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு குரோமின் 'ரீசெட்' பட்டனை அமுக்குங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு எதுவும் போகாது. குக்கீகள் அழிவதால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆண்டிவைரஸ் ஏன் பேசாமல் இருக்கிறது? இன்ஸ்டால் செய்யும்போது 'சம்மதம்' என்று டிக் விழுந்திருக்கிறது. சட்டப்படி அது திருடன் இல்லை, விருந்தாளி. அதனால் 'வேண்டாத நிரல்' என்று தனி வகை வைத்திருக்கிறார்கள். பல ஆண்டிவைரஸ்களில் அதற்கான சோதனையை நாம்தான் போய் ஆன் செய்ய வேண்டும்.

கோவையில் கல்லூரி மாணவர்: அண்ணா, என் சொந்த லேப்டாப்பில் குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வருகிறது. எனக்கு எந்த நிறுவனமும் இல்லையே? ஒரு எக்ஸ்டென்ஷனை நீக்கவும் முடியவில்லை, பட்டனே மங்கிக் கிடக்கிறது.

தம்பி, ஆபீஸ்களில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாகப் போட குரோம் ஒரு வசதி தருகிறது. அதற்குப் 'பாலிசி' என்று பெயர். ஹைஜாக்கர் அதே வசதியைத் திருப்பிப் பயன்படுத்தி, தன்னை நீக்க முடியாதபடி செய்துகொள்கிறது. முகவரிப் பட்டியில் chrome://policy என்று அடித்தால் என்னென்ன கட்டளை போட்டிருக்கிறது என்று தெரியும். 'ஃபோர்ஸ்லிஸ்ட்' என்று முடியும் வரியில் நீளமான எழுத்துக் கோவை இருந்தால், அதுதான் உங்கள் எக்ஸ்டென்ஷனின் அடையாள எண்.

ஒரு எச்சரிக்கை. சில ஆண்டிவைரஸ்களும் நியாயமான காரணத்துக்குப் பாலிசி போடும். அந்த வரியைப் பார்த்ததுமே அலற வேண்டாம். எக்ஸ்டென்ஷன் நீங்கள் போடாததுதான் என்று உறுதியானால், விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கி, அந்த 'குரோம்' ஃபோல்டரை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். 'கரண்ட் யூசர்' என்பதன் கீழேயும் இதே பாதை இருக்கலாம். முடிந்ததும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கல்லூரி கொடுத்த லேப்டாப்பாக இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்!

இல்லத்தரசி, திருச்சி: கம்ப்யூட்டர் ஓரத்தில், 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அக்கா, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். திருட்டுப் படத் தளத்திலோ சீரியல் பார்க்கும் தளத்திலோ 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி கொடுக்கவும்' என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ 'அலவ்' அமுக்கியிருப்பார்கள். அது வெறும் நோட்டிஃபிகேஷன் அனுமதி. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாததை எல்லாம் நீக்குங்கள். தளங்கள் இனிமேல் அனுமதி கேட்கவே கூடாது என்றும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். யார் அமுக்கியது என்ற விசாரணை வேண்டாம், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெங்களூரில் வேலை பார்ப்பவர்: ஊரில் அப்பாவின் கம்ப்யூட்டரில் திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு போன் நம்பர் வந்திருக்கிறது. அப்பா கூப்பிட்டுவிட்டார். அவர்கள் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் போடச் சொல்லி, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

இது விளம்பரத் தொல்லை இல்லை, மோசடி. வரிசையாகச் செய்யுங்கள். முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறந்திருந்தாலோ, ஓ.டி.பி. சொல்லியிருந்தாலோ, உடனே வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிகிறதா என்பது நேரத்தைப் பொறுத்தது. பிறகு அந்தத் தொலைவிலிருந்து இயக்கும் சாஃப்ட்வேரை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இந்த ஒரு வகையில் மட்டும் நான் ஃபார்மட்டுக்கு ஓட்டுப் போடுவேன். உள்ளே வந்தவன் என்ன வைத்துவிட்டுப் போனான் என்று தெரியாது.

அந்தச் சிவப்புத் திரை ஒரு சாதாரண இணையப் பக்கம்தான். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால் முழுத்திரை விலகும். அடங்காவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். திட்டாதீர்கள், அடுத்த முறை மறைத்துவிடுவார்.

பெயர் வேண்டாம் என்றவர்: கிராக் சாஃப்ட்வேர் போடுகிறவர்களுக்குத்தான் இதெல்லாம் வரும். பெரிய, நம்பகமான தளத்திலிருந்து இறக்கினால் எதுவும் வராது. சரிதானே?

பாதி சரி. கிராக், ஆக்டிவேட்டர் இரண்டும் இன்றைக்கும் முதல் வாசல். 'ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அதிலேயே எழுதியிருக்கும், நம் ஆட்களும் அப்படியே செய்வார்கள்.

ஆனால் பெரிய பெயர்களின் வரலாறு அவ்வளவு யோக்கியமானது இல்லை. 2011-இல் டவுன்லோட்.காம் தளம், இலவச மென்பொருள்களைத் தன்னுடைய இன்ஸ்டாலரில் சுற்றி, கூடவே பிரவுசரின் மேல் ஒட்டிக்கொள்ளும் டூல்பாரையும் கட்டிக் கொடுத்தது. நெட்வொர்க் சோதனைக் கருவியான என்மேப்பையும் அப்படிச் சுற்றியபோது, அதை எழுதியவரே பகிரங்கமாகச் சண்டைக்கு வந்தார். நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்துவைக்கும் திறமூல உலகின் கோவிலாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் 2013-இல் அதே வழியில் இறங்கியது. படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் குழு வெறுத்துப்போய் வெளியேறிய பிறகு, 2015-இல் அவர்கள் விட்டுப்போன பக்கத்திலேயே விளம்பரம் சுற்றிய இன்ஸ்டாலரை வைத்தார்கள். 2016-இல் தளம் கைமாறி, புது உரிமையாளர்கள் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். ஜாவா அப்டேட்டோடு ஆஸ்க் டூல்பார் வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது சூப்பர்ஃபிஷ். 2014-இல் லெனோவா தன் லேப்டாப்கள் சிலவற்றில் கம்பெனியிலிருந்தே அந்த ஆட்வேரைப் போட்டு விற்றது. பூட்டு அடையாளம் போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருக, 'இந்தத் தளம் நம்பகமானது' என்று உறுதி சொல்லும் தன் சொந்தச் சான்றிதழை அது விண்டோஸுக்குள் நட்டுவைத்தது. அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி எல்லா லேப்டாப்பிலும் ஒன்றே! 2015 பிப்ரவரியில் அந்தச் சாவியின் பாஸ்வேர்டை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்து வெளியிட்டார். அதற்கு மேல், அந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு பொது வைஃபையில் உட்காருபவரின் வங்கிப் பக்கத்தைக்கூட அடுத்த மேசைக்காரன் போலியாகக் காட்டலாம் என்ற நிலை. டப்பாவைப் பிரித்தவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இப்போதைய வாசல் தேடல் விளம்பரம். ஒரு மென்பொருளின் பெயரைத் தேடினால் மேலே 'ஸ்பான்சர்டு' என்று வருவது தயாரித்தவரின் தளமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விஎல்சி வீடியோ பிளேயர் வேண்டுமென்றால் அதைத் தயாரிக்கும் வீடியோலேன் தளம், அவ்வளவுதான். நானே ஒருமுறை அவசரத்தில் ஒரு பி.டி.எஃப். கருவியை, எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் போட்டுவிடும் 'எக்ஸ்பிரஸ்' முறையில் போட்டு, கடையின் பில் கம்ப்யூட்டரில் மூன்று டூல்பார் வாங்கிக்கொண்டவன். அன்றிலிருந்து 'கஸ்டம்' தவிர வேறெதையும் அமுக்குவதில்லை.

ஈரோட்டிலிருந்து: எந்த கிளீனர் நல்லது? இப்போது நாலு போட்டிருக்கிறேன்.

நாலில் இரண்டே பிரச்சினையாக இருக்கலாம். அட்வ்கிளீனர் ஒன்று போதும். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியது, 2016-இல் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் வாங்கியது. இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அவர்கள் தளத்திலிருந்தே எடுங்கள். கூடவே விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் என்ற பகுதிக்குப் போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்சில் இரண்டு டிக்கும் இருக்கிறதா பாருங்கள். குரோமுக்குள்ளேயே ஒரு சுத்தப்படுத்தும் கருவி இருந்தது. 2023-இல் கூகுள் அதை எடுத்துவிட்டது, பழைய வீடியோவைப் பார்த்து அதைத் தேடாதீர்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர், 'வேகம் கூட்டி' எதுவும் வேண்டாம்.

சென்னை வாசகி: வருடக்கணக்கில் வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் திடீரென்று விளம்பரம் காட்டுமா?

காட்டும், உரிமையாளர் மாறியிருந்தால். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று, இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். எழுதியவர் 2020-இல் யாருக்கோ விற்றார். 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே எல்லாக் கம்ப்யூட்டரிலும் முடக்கியது. எக்ஸ்டென்ஷன் தானாகவே அப்டேட் ஆகும், ஆள் மாறியது நமக்குத் தெரியாது. எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதுதான் நம் கையில் இருப்பது. விளம்பரத் தடுப்பானுக்கு நான் போட்டுக்கொடுப்பது யூபிளாக் ஆரிஜின். ஃபயர்ஃபாக்ஸில் முழுசாக ஓடும், குரோமில் இப்போது அதன் 'லைட்' வடிவம்தான். 'ஆரிஜின்' என்ற சொல் இல்லாமல் அதே பெயரில் வேறொன்று இருக்கிறது, பார்த்து எடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்: மேக்குக்கும் வருமா?

வரும். ஃபிளாஷ் அப்டேட் என்று சொல்லி நிறைய நுழைந்தது. ஃபிளாஷே 2020 முடிவில் செத்துவிட்டது, அதைக் கேட்கும் எந்தப் பக்கமும் பொய். சிஸ்டம் செட்டிங்ஸில், அமைப்புகளைப் பூட்டிவைக்கும் 'ப்ரொஃபைல்' என்று தேடி, நீங்கள் போடாத ஒன்று இருந்தால் நீக்கிவிட்டு, அதற்குப் பிறகு எக்ஸ்டென்ஷனுக்குப் போங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: கடைக்காரர் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார். ஒரே வாரத்தில் திரும்பவும் அதே விளம்பரம். காசும் போச்சு.

மூன்று இடம் பாருங்கள். ஒன்று, லாகின் செய்ததும் சிங்க் வழியாகப் பழைய எக்ஸ்டென்ஷன் இறங்கியிருக்கும். இரண்டு, டி டிரைவில் பத்திரமாக வைத்திருந்த பழைய இன்ஸ்டாலர்களையே மறுபடி ஓட்டியிருப்பீர்கள், அல்லது கடைக்காரரின் பென்டிரைவில் இருப்பவை அப்படி. மூன்று, ரௌட்டர். அதே வைஃபையில் போனிலும் அதே விளம்பரப் பக்கம் வந்து, மொபைல் டேட்டாவுக்கு மாறினால் நின்றுவிடுகிறது என்றால், கம்ப்யூட்டரில் தேடிப் பயனில்லை. எந்தத் தளத்தின் பெயரை அடித்தால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் டி.என்.எஸ். எண்ணை ரௌட்டரில் மாற்றியிருப்பார்கள். 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் பிடிபட்ட டி.என்.எஸ்.சேஞ்சர் கும்பல் இப்படி டி.என்.எஸ். எண்ணை மாற்றித்தான் 40 லட்சம் கம்ப்யூட்டர்களை விளம்பரப் பக்கம் திருப்பிவிட்டுச் சம்பாதித்தது. ரௌட்டரின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசி வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி அமுக்கினால் பழைய நிலைக்குப் போகும். அதற்கு முன் இணைப்புக்கான யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் உங்கள் கேபிள்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நெட்டே வராது. ரீசெட் ஆனதும் 'அட்மின், அட்மின்' என்று இருக்கும் ரௌட்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அப்புறம் போனில் முதலில் சோதித்துப் பாருங்கள்.